எண்ணப்படும் பறவைகளும் எண்ணுகிற மனிதர்களும்

1

பறவைகளை எண்ணுவது என்று சொன்னால் எழுத்தாள நண்பர்கள் பலருக்குச் சிரிப்பு வருகிறது. ஓய்வு பெற்றவர்களும் கல்லூரிப் பையன்களும் விடுமுறை நாளில் தொப்பியும் பைனாகுலருமாகக் கிளம்பிப் போகிற நடுத்தர வர்க்கப் பொழுதுபோக்கு என்பதற்கு மேல் இதில் எதுவும் இருப்பதாக அவர்கள் ஒப்புக்கொள்வதில்லை. இயக்கத் தோழர்கள் இன்னும் கறாரானவர்கள். 'கம்மாய் பூரா ஆக்கிரமிப்பு, மடை ஒடஞ்சு கெடக்கு, நீங்க என்னடான்னா கொக்கை எண்ணிக்கிட்டு இருக்கீங்க' என்கிறார்கள். இந்தக் கேலியிலும் கண்டனத்திலும் நியாயம் இருக்கிறது. இருந்தும், குளிர்காலப் பறவைக் கணக்கெடுப்பு என்கிற காரியத்தை நாம் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும் என்றே வாதாட விரும்புகிறேன். ஒரு கண்மாயில் என்ன 'இருக்கிறது', என்ன 'இல்லை' என்று ஆவணத்தில் எழுதும் உரிமை யாருடையது என்ற கேள்வி இந்தக் காரியத்தின் நடுவில் இருக்கிறது. நிலம், நீர் குறித்த நம்முடைய போராட்டங்கள் பலவும் கடைசியில் வந்து முட்டுவது இந்தக் கேள்வியில்தான்.

மம்சாபுரத்தை மனதில் வைத்துப் பேசுகிறேன். ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் இடையில் மலையடிவாரத்தில் இருக்கிற பேரூராட்சி இது. வைப்பாற்றுப் படுகையைச் சேர்ந்த பூமி. ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய்கள் பெருகும். மார்கழி, தை மாதங்களில் நிறைந்து நிற்கும். மத்திய ஆசியாவிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் வலசை வருகிற வாத்துகளும் உள்ளான்களும் வந்து சேர்வது சரியாக இந்தச் சமயத்தில்தான். ஊருக்கு மேற்கே உள்ள மலை 1988இல் சாம்பல் நிற அணில் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2021இல் அதையும் உள்ளடக்கி ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் உருவானது. ஆக மலைக்குச் சட்டத்தின் காவல் இருக்கிறது. மலையிலிருந்து இறங்கும் தண்ணீர் வந்து நிற்கிற கண்மாய்க்கு அப்படி ஒன்று இல்லை. நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள கண்மாய் ஒரு துறைக்கு, அதற்குக் கீழே உள்ளது ஊராட்சி ஒன்றியத்துக்கு, உள்ளே பிடிபடுகிற மீன் குத்தகைதாரருக்கு, உள்ளே நிற்கிற மரம் ஏலத்துக்கு. அதில் வந்து இறங்குகிற பறவை யாருடைய பதிவேட்டிலும் இல்லை.

2

கணக்கெடுப்பு எப்படி நடக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அதைத் தெரிந்துகொள்ளாமல் அதன் அரசியலைப் பேச முடியாது.

விடிந்ததும் இரண்டு மூன்று பேர் கரைக்குப் போகிறார்கள். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நின்றுகொள்வது முதல் விதி. எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் கறுப்புதான். ஒருவர் பார்த்துச் சொல்ல, இன்னொருவர் எழுதுகிறார். பத்து இருபது என்று இருந்தால் ஒவ்வொன்றாக எண்ணலாம். ஆயிரக்கணக்கில் கூட்டமாக மிதந்தால் முடியாது. அப்போது பத்துப் பறவையை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் பதித்துக்கொண்டு, அதே அளவுத் துண்டுகளாக முழுக் கூட்டத்தையும் வெட்டி வெட்டி எண்ணுகிறார்கள். கதிரடிக்கும் முன்பே வயலைப் பார்த்து இத்தனை கோட்டை தேறும் என்று சொல்கிற சம்சாரியின் கணக்குக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. இனம் தெரியாவிட்டால் 'இனம் தெரியாத வாத்து' என்றே எழுத வேண்டும். ஊகித்து எழுதக் கூடாது. ஒரே பறவைக் கூட்டம் இரண்டு கண்மாய்க் கணக்கிலும் ஏறிவிடாமல் இருக்கப் பக்கத்துக் கண்மாய்களை ஒரே நாளில், ஒரே நேரத்தில் எண்ண முயல்கிறார்கள்.

இதில் இரண்டு விதிகள் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. முதலாவது, பார்த்த எல்லாவற்றையும் எழுதவேண்டும் என்பது. காக்கை, மைனா, மாடப்புறா உட்பட எல்லாம். அபூர்வமான ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டால் அந்தப் பட்டியல் கணக்குக்கு ஆகாது. இரண்டாவது, ஒன்றும் இல்லை என்றால் அதையும் எழுதவேண்டும் என்பது. முழுப் பட்டியலில் ஒரு பறவையின் பெயர் இல்லாவிட்டால் 'தேடினோம், காணவில்லை' என்று அர்த்தம். இல்லாமை என்பது இங்கே ஒரு தகவல். போன வருஷம் இருந்தது இந்த வருஷம் இல்லை என்று சொல்ல, இல்லாத வருஷத்திலும் ஒருவர் அங்கே போய் நின்றிருக்க வேண்டும்.

இந்த வழக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஆட்கள் இரண்டு கோஷ்டியாகப் பிரிந்து, எந்தக் கோஷ்டி அதிகம் சுடுகிறது என்று போட்டி போட்டு வேட்டையாடுவது வாடிக்கையாக இருந்தது. 1900இல் ஃபிராங்க் சாப்மன் என்ற பறவையியலாளர், சுடுவதற்குப் பதிலாக எண்ணுவோம் என்று அழைத்தார். அந்த டிசம்பர் 25ஆம் தேதி 25 இடங்களில் 27 பேர் எண்ணினார்கள். அந்தக் கணக்கெடுப்பு இன்றுவரை வருடம் தவறாமல் நடக்கிறது. நீர்ப்பறவைகளுக்கான சர்வதேசக் கணக்கெடுப்பு 1967இல் தொடங்கியது. அதன் ஆசியப் பிரிவு 1987இல் இந்தியத் துணைக்கண்டத்தில் ஆரம்பித்து ஒவ்வொரு ஜனவரியிலும் நடந்து வருகிறது. இந்தியாவில் 1883இல் நிறுவப்பட்ட பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் இதில் முக்கியப் பங்கு வகிக்கிறது. தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் விடுமுறையை ஒட்டி 'பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு' நடத்தப்படுகிறது. குறைந்தது பதினைந்து நிமிடம், எந்த இடத்திலும், யார் வேண்டுமானாலும் என்பது அதன் ஏற்பாடு. வீட்டுக் கொல்லையில் நின்றும் எண்ணலாம். பட்டியல்கள் 'இ-பேர்ட்' என்கிற பொதுத் தரவுக் களத்தில் சேர்கின்றன.

இப்படிச் சேர்ந்ததன் பலன் 2023இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கையில் தெரிந்தது. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பறவை நோக்குநர்கள் தந்த சுமார் மூன்று கோடிப் பதிவுகளின் மேல் கட்டப்பட்ட அறிக்கை அது. 942 இனங்களை அது பரிசீலித்தது. அவற்றில் 338 இனங்களுக்கு மட்டுமே நீண்டகாலப் போக்கைச் சொல்லும் அளவுக்குத் தரவு இருந்தது. அந்த 338இல் 204 குறைந்திருக்கின்றன, 98 நிலையாக இருக்கின்றன, 36 கூடியிருக்கின்றன. சம்பளம் வாங்காத ஆட்களின் உழைப்பால் மட்டுமே கிடைத்த அறிவு இது. மிச்சமுள்ள அறுநூறு இனங்களைப் பற்றி இந்த அளவில் எதுவும் சொல்ல முடியவில்லை என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

3

எண் என்பது அப்பாவியான சமாச்சாரம் இல்லை. மக்கள்தொகையை எண்ணுவதும் வகைப்படுத்துவதும் நவீன அரசதிகாரத்தின் அடிப்படை நுட்பங்கள் என்பதை ஃபூக்கோ விளக்கியிருக்கிறார். நமக்கு அதை வெளியிலிருந்து யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் பெரிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1871-72ஐ ஒட்டி நடந்தது. குற்றப் பரம்பரைச் சட்டம் வந்ததும் 1871இல்தான். 1911இல் அது சென்னை மாகாணத்துக்கும் நீட்டிக்கப்பட்டது. எண்ணிய கையும் ரேகை வாங்கிய கையும் ஒரே நிர்வாகத்தின் கைகள்.

இந்தியப் பறவையியலும் அந்த நிர்வாகத்தின் மடியில் வளர்ந்த பிள்ளைதான். 1885இல் காங்கிரஸ் உருவாகக் காரணமானவர்களில் ஒருவராக நாம் அறிந்திருக்கிற ஆலன் ஆக்டேவியன் ஹியூம் அந்தக் காலத்தின் மிகப் பெரிய பறவை சேகரிப்பாளர். 1870களில் பறவைகளுக்கென்றே ஒரு பத்திரிகை தொடங்கி நாடு முழுக்க அதிகாரிகளின் வலைப்பின்னலை அதற்குள் கொண்டுவந்தார். தான் சேகரித்த பல்லாயிரம் பறவைத் தோல்களையும் முட்டைகளையும் 1885இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். அதே ஹியூம் 1867 முதல் 1870 வரை உள்நாட்டுச் சுங்கத்தின் கமிஷனர். உப்பு கடந்து போகாமல் தடுக்க நாட்டின் குறுக்கே வளர்க்கப்பட்ட அந்த முள்வேலியை நிர்வகித்தவர். வேலிக்கும் பறவைக்கும் ஒரே மனிதர் கணக்கு வைத்தார் என்பதைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை.

இந்த வரலாறு ஏட்டில் மட்டும் இருப்பதல்ல. மம்சாபுரம் பக்கம் ஒரு கரையில் நண்பர்களோடு நோட்டும் கையுமாக நின்றபோது, தூண்டிலோடு வந்த பெரியவர் ஒருவர், 'என்ன தம்பி, கம்மாயை அளக்க வந்திருக்கீகளா?' என்று கேட்டார். பறவையை எண்ணுகிறோம் என்றதும், 'எதுக்கு? ஏலத்துக்கா?' என்றார். கரையில் நின்று எழுதுகிற ஆள் என்றால் அவருடைய அனுபவத்தில் சர்வேயர், குத்தகைக்காரன், இல்லாவிட்டால் வனத்துறை. இந்த மூவரில் யார் வந்தாலும் கொஞ்ச நாளில் அவருக்கு ஏதாவது ஒன்று மறுக்கப்படும். அறியாமையால் வந்த கேள்வி என்று அதைத் தள்ள முடியாது. கணக்கெடுப்பு பற்றிய கறாரான கோட்பாட்டு விமர்சனம் அந்த இரண்டு சொற்களுக்குள் இருக்கிறது.

சாதியும் இங்கே சும்மா இல்லை. விடியற்காலையில் கண்மாய்க் கரையில் கேமராவோடு நிற்கிற ஒருவர் 'இயற்கை ஆர்வலர்' ஆகிறார். அதே கரையில் கவட்டையோடு நிற்கிற சேரிப் பையன் 1972ஆம் வருடத்துக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்க் குற்றவாளி ஆகிறான். கொல்லுகிற பையனைச் சரி என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பறவை எந்த மரத்தில் அடையும், எந்தத் திசையிலிருந்து காலையில் வரும் என்பது அவனுக்குத்தான் தெரியும். அவனைக் கண்டதும் முகம் சுளிக்கிற சங்கம் தன்னுடைய ஆகச் சிறந்த உறுப்பினரை இழக்கிறது. பெண்கள் விஷயமும் அப்படித்தான். விடியாத நேரத்தில் ஆளில்லாத கரைக்கு ஒரு பெண் தனியாகப் போய் நிற்க முடியாத ஊர்களில் 'யார் வேண்டுமானாலும்' என்ற சொல்லுக்குள் யாரெல்லாம் அடக்கம் என்று கேட்டாக வேண்டும்.

4

யாருக்குத் தெரியும் என்ற கேள்வி, எந்தச் சொல்லில் தெரியும் என்ற கேள்வியும்தான். தமிழ் படித்தவன் என்ற முறையில் எனக்கு இதில் கொஞ்சம் பேச இருக்கிறது.

கண்மாயில் நிற்கிற பறவைகளின் பெயர்களை எடுத்துக்கொள்ளுங்கள். 'ஆள்காட்டி' என்ற பெயர் வேட்டைக்காரனின் இடத்தில் நின்று வைத்த பெயர். ஆள் வருவதைக் கத்திக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. 'மடையான்' மடையோடு சேர்த்துச் சொல்லப்படுகிற பெயர். தண்ணீர் திறக்கிற இடத்தில் மீனுக்காக அசையாமல் நிற்பது. மடையைத் திறந்து மூடி வயலுக்கு நீர் பாய்ச்சிய மனிதரையும் மடையோடு சேர்த்துத்தான் அழைத்தார்கள். அந்தச் சொல்லே பிறகு வசவாகிவிட்டது என்றும் சொல்வார்கள். அந்த வேலை எந்தச் சாதியின் தலையில் கட்டப்பட்டது என்பது நமக்குத் தெரியும். 'நாமக்கோழி' கறுத்த உடம்பும் நெற்றியில் வெள்ளைப் பட்டையுமாக இருப்பது. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்தில் அந்தப் பெயருக்கு விளக்கம் தேவையில்லை. 'நத்தைகுத்தி' பறவையின் வேலையைச் சொல்கிறது. ஒவ்வொரு பெயரும் ஓர் உறவின் பதிவு; வேட்டை, பாசனம், கோயில், இரை தேடல் என்று.

ஆங்கிலப் பெயர்களில் கணிசமானவை கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொண்ட துரைகளின் பெயர்கள். ஒவ்வொரு குளிர்காலத்திலும் நம் வேலிப் புதர்களில் 'டக், டக்' என்று சத்தம் கொடுத்தபடி ஒளிந்து திரிகிற ஒரு சின்னப் பழுப்புக் குருவி, எட்வர்ட் பிளித் என்ற அருங்காட்சியகக் காப்பாளரின் பெயரைச் சுமந்துகொண்டிருக்கிறது. மனிதர்களின் பெயரால் வழங்கும் பறவைப் பெயர்களைத் தன் எல்லைக்குள் மாற்றப் போவதாக அமெரிக்கப் பறவையியல் சங்கம் 2023 நவம்பரில் அறிவித்தது. பெயர் என்பது அதிகாரத்தின் தடம் என்பதை அவர்களும் ஏற்கவேண்டி வந்திருக்கிறது.

அதற்காகப் பழைய தமிழ்ப் பெயர்களை எடுத்துப் போட்டால் போதும் என்று பெருமை பேசவும் முடியாது. 'உள்ளான்' என்ற ஒரே சொல்லுக்குள் அறிவியல் தனித்தனியாகப் பிரிக்கிற பல கரைப்பறவைகள் அடங்கிக் கிடக்கின்றன. சட்டிக்குள் போகும்போது அவற்றுக்குள் வித்தியாசம் தேவைப்படவில்லை. இனங்களைப் பிரிக்க நமக்குப் புதுச் சொற்கள் வேண்டும். பேராசிரியர் க. ரத்னம் தமிழில் பறவைப் பெயர்களைத் தேடித் தொகுத்ததும், மா. கிருஷ்ணன் ஆங்கிலத்தோடு தமிழிலும் பறவைகளைப் பற்றி எழுதியதும், தியடோர் பாஸ்கரன் கலைச்சொற்களைப் பற்றித் தொடர்ந்து வாதாடி வருவதும் இந்தப் பணியின் பகுதிகள்.

இதே ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்த திருப்பாவையை நான் இப்போது வேறு மாதிரியாக வாசிக்கிறேன். மார்கழி விடியலில் எழுந்துவிட்ட பெண்கள், தூங்குகிறவளின் வாசலில் வந்து நின்று விடிந்துவிட்டது என்று வாதிடுகிறார்கள். பறவைகளின் குரல்தான் அவர்கள் காட்டுகிற சாட்சி. ஆனைச்சாத்தன் என்ற பறவையின் பேச்சு கேட்கவில்லையா என்று கேட்கிறார்கள். அது எந்தப் பறவை என்று உரைகாரர்கள் விளக்கம் தேடியிருக்கிறார்கள். பக்தியைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டுப் பார்த்தால் அங்கே நடப்பது ஒரு வழக்கு. உள்ளே இருப்பவள் இன்னும் விடியவில்லை என்ற நினைப்பில் கிடக்கிறாள். வெளியே நிற்பவர்கள் கேட்டதைச் சொல்லி மறுக்கிறார்கள். பறவை சாட்சி சொல்லும் என்கிற நம்பிக்கை இந்த ஊருக்குப் புதிது இல்லை.

சாட்சியைக் கேட்க மறுத்த அறிவியலுக்கும் உதாரணம் உண்டு. ஜெர்டான் என்ற ராணுவ மருத்துவர் 1848இல் ஆந்திரப் பகுதியில் கண்டறிந்த ஒரு தரைப்பறவையை 1900க்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை என்று புத்தகங்கள் சொல்லின. அது அழிந்துபோனதாகவே கருதப்பட்டது. 1986 ஜனவரியில் கடப்பை மாவட்டத்தில் அது மீண்டும் கிடைத்தது. கண்டுபிடிக்க வழி செய்தவர் ஐத்தன்னா என்ற உள்ளூர் வேட்டைக்காரர். அந்தப் பறவைக்கு அங்கே 'கலிவிகோடி' என்று பெயரும் இருந்தது. வீட்டில் தெலுங்கு பேசுகிற ராஜபாளையத்துக்காரர்களுக்கு அந்தச் சொல்லின் பின்பாதி உடனே புரியும். அழிந்துவிட்டது என்று அறிவியல் எழுதிய எண்பத்தைந்து வருடமும் ஊருக்குள் அதற்குப் பெயர் இருந்திருக்கிறது. கேட்கிற ஆள்தான் இல்லை. வலசைப் பறவைகளுக்கு வளையம் மாட்டி ஆராய்ந்த பம்பாய் கழகத்தின் திட்டமும், பீகாரின் மீர்ஷிகார் என்ற பறவை பிடிக்கிற சமூகத்தைச் சேர்ந்த அலி ஹுசைன் போன்றவர்களின் கைத்திறன் இல்லாமல் நடந்திருக்காது. சிறகு ஒடியாமல் பறவையைப் பிடிக்க அவருக்குத் தெரிந்திருந்தது.

நம் பக்கத்தில் பறவையின் பெயராலேயே அழைக்கப்படுகிற ஒரு சமூகம் இருக்கிறது. நரிக்குறவர் எனவும் குருவிக்காரர் எனவும் பதிவான அவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் மசோதாவை நாடாளுமன்றம் 2022 டிசம்பரில்தான் நிறைவேற்றியது. செண்பகத்தோப்பு மலையடிவாரத்தில் பளியர்கள் இருக்கிறார்கள். கணக்கெடுப்புக் குழுக்களில் இவர்களை வழிகாட்டியாகவும் சுமை தூக்குகிறவராகவும் மட்டுமே கூட்டிப்போகிற பழக்கம் இருக்கும்வரை நம்முடைய தரவு பாதித் தரவுதான்.

5

இவ்வளவு விமர்சனத்துக்குப் பிறகும் ஏன் எண்ண வேண்டும்?

அரசாங்கத்தின் மொழி எண். ஒரு நீர்நிலை சர்வதேச முக்கியத்துவம் உடையதா என்று தீர்மானிக்க 1971ஆம் வருடத்து ராம்சார் உடன்படிக்கை வைத்திருக்கிற அளவுகோல்களில் இரண்டு நேரடியாகப் பறவை எண்ணிக்கையைச் சொல்கின்றன. வழக்கமாக இருபதாயிரம் நீர்ப்பறவைகள் தங்கவேண்டும். அல்லது ஓர் இனத்தின் மொத்தத் தொகையில் ஒரு சதவீதமாவது அங்கே இருக்கவேண்டும். 2025 தொடக்கத்தில் ராமநாதபுரம் மாவட்டத்தின் சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் கண்மாய்கள் சேர்ந்தபோது தமிழ்நாட்டின் ராம்சார் இடங்கள் இருபது ஆயின. கண்மாய்கள் அந்தப் பட்டியலில் ஏற முடியும் என்பது ஒரு வெற்றிதான்.

ஆனால் மம்சாபுரம் போன்ற ஊர்களின் கண்மாய்க்கு அந்த அளவுகோல் எட்டாது. பறவைகள் ஒரே கண்மாயில் குடியிருப்பதும் இல்லை. ஒன்றில் இரை எடுக்கும், ஒன்றில் அடையும், தண்ணீர் வற்றினால் பத்து மைல் தள்ளிப் போகும். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் 'முக்கியத்துவம் இல்லாத' கண்மாய். சங்கிலியாகப் பார்த்தால்தான் அதன் மதிப்பு தெரியும். தெற்கே தாமிரபரணிப் படுகையில் 2011 முதல் நடந்துவருகிற நீர்ப்பறவைக் கணக்கெடுப்பின் அருமை இதில் இருக்கிறது. மணிமுத்தாற்றில் இயங்கும் ஏட்ரீ நிறுவனத்தின் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையமும் உள்ளூர் இயற்கை அமைப்புகளும் சேர்ந்து, தன்னார்வலர்களை அணி அணியாகப் பிரித்து, ஜனவரியில் திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசிப் பக்கத்துக் குளங்களை ஒரே சமயத்தில் எண்ணுகிறார்கள். ஒரு குளத்தின் கதையை விட்டு ஒரு படுகையின் கதையைச் சொல்கிற முயற்சி. வைப்பாற்றுக் கண்மாய்களையும் இப்படிப் படுகையாக எண்ண முடியும். வைல்ட்லைஃப் அசோசியேஷன் ஆஃப் ராஜபாளையம் போன்ற அமைப்புகளின் அனுபவம் பக்கத்திலேயே இருக்கிறது.

எண்ணின் உபயோகம் எப்போது தெரியும் என்பதற்கு மரங்கள் நல்ல உதாரணம். தென்மாவட்டக் கண்மாய்களுக்குள் சமூகக் காடு என்ற பெயரில் கருவேல மரம் வளர்க்கப்பட்டது. பிறகு கொக்கும் நீர்க்காகமும் நாரையும் அவற்றில் கூடு கட்டின. மரம் வளர்ந்ததும் ஏலம். 2017இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சீமைக் கருவேலத்தை அகற்ற உத்தரவிட்டதும் ஊரெல்லாம் பொக்லைன் இறங்கியது. சீமைக் கருவேலம் நீருக்கும் நிலத்துக்கும் கேடு என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. எந்தக் கண்மாயில் எந்த மாதம் எத்தனை கூடு இருக்கிறது என்ற பட்டியல் நம் கையில் இருந்தால், 'குஞ்சு பறக்கும்வரை பொறுங்கள், அப்புறம் வெட்டுங்கள்' என்று தாசில்தாரிடம் சொல்ல முடியும். பட்டியல் இல்லாதபோது அது வெறும் புலம்பல். தூர்வாருதல், கரை பலப்படுத்துதல், மீன்பாசிக் குத்தகை எல்லாவற்றிலும் இதே நிலைமைதான். ஒரு வருஷத்து எண் எதையும் நிரூபிக்காது. மழை குறைந்த வருஷம் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவார்கள். பத்து வருஷம் தொடர்ந்து ஒரே மாதத்தில், ஒரே கரையில், ஒரே முறையில் எழுதிய நோட்டை அப்படித் தள்ள முடியாது.

மக்கள் பறவைகளைக் காத்த இடங்களில் அன்பு மட்டும் காரணமாக இருக்கவில்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. வேடந்தாங்கலில் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில், வெள்ளைச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊர்க்காரர்கள் கலெக்டர் வரை போய்ப் பாதுகாப்பு வாங்கியதற்கு, எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்ற கணக்கும் காரணம். சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடியை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. கூந்தன்குளம் 1994இல் சரணாலயமாக அறிவிக்கப்படுவதற்கு வெகுகாலம் முன்பே ஊர்க்காரர்கள் பறவைகளோடு வாழ்ந்தார்கள். இந்த ஊர்களுக்கு யாரும் பாரம் கொடுத்து எண்ணச் சொல்லவில்லை. ஊருக்கும் பறவைக்கும் நடுவே பிழைப்பு சார்ந்த உறவு இருந்ததால் காவலும் இருந்தது. ஆயக்கட்டு வயல்கள் பிளாட்டுகளாகிற காலத்தில் அந்த உறவு அறுந்துகொண்டு வருகிறது. அதனால்தான் இன்று எழுத்தில் ஒரு பதிவு தேவைப்படுகிறது.

6

ஆகவே சில யோசனைகள். இவை தீர்மானங்கள் இல்லை; பேசுவதற்கான புள்ளிகள்.

கணக்கெடுப்புப் பாரம் தமிழில் இருக்கவேண்டும். அதில் இனப் பெயருக்குப் பக்கத்தில் 'இந்த ஊரில் என்ன சொல்கிறார்கள்' என்று ஒரு பத்தி இருக்கவேண்டும். யார் சொன்னது என்பதும் அவர் சம்மதித்தால் எழுதப்படவேண்டும். கி. ராஜநாராயணன் கரிசல் சொற்களுக்கு அகராதி செய்த பூமியில் இது ஒரு பெரிய காரியமில்லை.

நீர் பாய்ச்சுகிறவர், மீன் பிடிக்கிறவர், ஆடு மேய்க்கிறவர், கவட்டைப் பையன் ஆகியோர் எண்ணும் குழுவின் உறுப்பினர்களாக இருக்கவேண்டும். வேலையை விட்டு வருகிறவருக்கு அன்றைய கூலி கொடுக்கப்பட வேண்டும். தன்னார்வம் என்பது வயிறு நிறைந்தவர்களுக்கு மட்டும் முடிகிற ஒழுக்கமாக ஆகிவிடக் கூடாது.

எண்ணி முடித்த பட்டியல் பொதுத் தரவுக் களத்துக்குப் போவது நல்லது. ஆராய்ச்சிக்கு அது வேண்டும். அதன் பிரதி ஒன்று பஞ்சாயத்து அலுவலகத்துக்கும், ஒன்று ஊர்ப் பள்ளிக்கும் போகவேண்டும். கிராம சபை உள்ள ஊர்களில் அதை வாசிக்கவேண்டும். தன் கண்மாயில் என்ன இருக்கிறது என்பதை ஊர் வெளியிலிருந்து தேடித் தெரிந்துகொள்ள வேண்டிய நிலை வரக்கூடாது.

எழுத்தாளர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல விரும்புகிறேன். நம் கதைகளில் பறவைகள் 'பெயர் தெரியாத பறவை ஒன்று' என்று வந்து கூவிவிட்டுப் போகின்றன. மனிதர்களை இப்படி எழுதினால் விமர்சகர்கள் விடமாட்டோம். பதினைந்து நிமிடம் ஒரே இடத்தில் நின்று, பார்த்த எல்லாவற்றையும் பார்த்தபடி எழுதி, தெரியாததைத் தெரியாது என்று குறிக்கிற பயிற்சி உரைநடைக்கும் நல்லது.

அந்தப் பெரியவரின் 'ஏலத்துக்கா?' என்ற கேள்வி இன்னும் அப்படியே இருக்கிறது. இல்லை என்று நாங்கள் சொன்னதை அவர் நம்பியதாகத் தெரியவில்லை. நம்ப வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை. அந்த நோட்டு அவர் கையிலும் இருந்து, அதில் உள்ளதை வைத்து அவரே ஒரு நாள் அலுவலகத்தில் போய்ப் பேச முடிந்தால்தான் எங்கள் பதிலுக்கு மதிப்பு. அடுத்த தையில் கண்மாயில் தண்ணீர் இருக்கும்; வாத்துகளும் வரும். நண்பர்கள் ஒரு நாள் காலையாவது வரவேண்டும்.